கடைக்குப் போகாத தெரு

கீழப்பாறைக்குளத்தில் இருபத்தேழு தெருக்கள் உண்டு. பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணியிலிருந்து அந்த இருபத்தேழும், வீடு வீடாக கேஸ் சிலிண்டர் போடுகிற தவசிக்கனிக்கு மட்டும், கடையில் போய் முடிய ஆரம்பித்தன. கடை என்றால் எந்தக் கடை என்று அந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். பலசரக்குக் கடைக்கு அண்ணாச்சி கடை என்று பெயர், துணிக்கடைக்கு அதன் முதலாளி பெயர், மருந்துக் கடைக்கு மருந்துக் கடை என்றே பெயர்; மொட்டையாகக் கடை என்றால், வாறுகால் சாக்கடை ஓரத்தில் கம்பி வலை அடித்த ஜன்னலோடு பகல் பன்னிரண்டு மணிக்குத் திறக்கும் பிராந்திக் கடை ஒன்றுதான்.

அன்று அவன் தோளில் இருந்தது மேலரத வீதிக் கணக்கு வாத்தியார் வீட்டுச் சிலிண்டர். பதினோரு வருஷமாகப் போட்டுப் பழகிய வீடு. முனையில் திரும்பினான், ரேஷன் கடை வரவேண்டிய இடத்தில் கம்பி வலை ஜன்னல் வந்து நின்றது. வெயில் மண்டையில் ஏறிவிட்டது என்று நினைத்துத் திரும்பி, சன்னதித் தெரு வழியாகப் போனான், கடை வந்தது. குளத்தங்கரையைச் சுற்றிப் போனான், கடை வந்தது. சந்துக்குள் புகுந்து ஒரு வீட்டின் மாட்டுத் தொழுவம் வழியாக வெளியே வந்தான், அங்கேயும் கடைதான் வந்தது. பன்னிரண்டு மணிக்கு ஷட்டரைத் தூக்க வந்த விற்பனையாள், வாசலில் அடுத்தடுத்துத் தூக்கிக் கிளம்பிய ஆறு சிலிண்டரும் நடுவில் தவசிக்கனியும் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "இங்க யாருப்பா அடுப்பு வச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டுப் பூட்டைத் திறந்தார்.

காரணம் தேடியவர்கள் இரண்டு நாள் தேடினார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் கிடைக்கும் டீக்காசு ஒவ்வொரு நாளும் எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஊருக்கே தெரியும், அதனால் மனசு போகிற இடத்துக்குக் கால் போகிறது என்றார் பூசாரி. பாதத்தில் ஏதோ நரம்புக் கோளாறு என்றார் மருந்துக் கடைக்காரர். மூன்றாம் நாள் கேஸ் தீர்ந்துபோனது, காரணம் கேட்க ஆளில்லாமல் போனது. பெண்கள் காலிச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு கடை வாசலுக்கே வந்தார்கள்.

முதல் வாரம் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார்கள். இரண்டாம் வாரம் வெறுமனே வந்தார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து செவ்வாயும் வெள்ளியும் காலை ஒன்பது மணிக்குக் கடை வாசலில் வரிசை நின்றது, வரிசை நின்ற இடத்தில் கீரைக்காரி கூடையை இறக்கினாள், கீரைக்காரி இருந்ததால் பூக்காரி வந்தாள், கல்யாணப் பத்திரிகை கொடுப்பவர்கள் வீடு வீடாக அலையாமல் அங்கேயே ஐம்பது பத்திரிகை கொடுத்து முடித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே வந்து ஷட்டரைத் தொட்டுக் கும்பிடுகிற ஆண்கள், தங்கள் பெரியம்மாவும் மதினியும் நிற்கிற வரிசையைப் பார்த்துவிட்டு, கொட்டாவி விட வந்தவர்கள் போலத் திரும்பிப் போனார்கள். ஸ்டேஷனில் புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் இதையெல்லாம் நம்பாமல் தவசிக்கனியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் பக்கம் போகச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஓடிய ஜீப் கடை வாசலில் வந்து நின்றது. இன்ஸ்பெக்டர் இறங்கி, தொப்பியைக் கழற்றி வேர்வையைத் துடைத்து, "சரி, உன் பாட்டை நீ பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவனோடு சேர்ந்து போகிற யாரும் அவன் போகிற இடத்துக்குத்தான் போனார்கள். பெரிய மாமா செத்தபோது பாடையில் ஒரு தோள் கொடுத்தான். பாடை சுடுகாட்டுக்குப் போகாமல் கடைக்கு வந்தது. செத்தவருக்கு அதில் மனக்குறை இருந்திருக்காது என்று எல்லாரும் சிரித்தார்கள். ஆனாலும் அந்த வருஷம் தேரோட்டத்துக்கு முன்னால் கமிட்டி கூடி, தவசிக்கனி வடத்தைத் தொடக் கூடாது என்று ஒருமனதாக முடிவு செய்தது. தேர் கடைக்கு வந்துவிட்டால் திருப்பிக் கொண்டுபோக யானை வேண்டும் என்றார்கள்.

தேர் ஓடிய அன்றைக்குத்தான் அவனுக்கு முதன்முதலாக வலித்தது. கடை வாசலில் உட்கார்ந்து, தெற்கே மேளச் சத்தமும் 'இழு, இழு' என்று ஊர் மொத்தமும் போடுகிற கூச்சலும் கேட்டுக்கொண்டிருந்தபோது, தன் பெயரை யாரோ ஒரு பெரிய தாளிலிருந்து அழித்துவிட்டதுபோல் இருந்தது.

அவனுக்கு ஒரே ஒரு வழி மட்டும் மிச்சமிருந்தது. குடித்து முடித்தால், எப்படிப் போனோம் என்று தெரியாமலே தன் வீட்டில் போய் விழுந்துகிடப்பான். குடிக்கிறவர்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான் வீடு சேர்கிறார்கள் என்பதால் அதை யாரும் அதிசயமாகச் சொல்லவில்லை. ஆனால் குடிக்காமல் வீட்டுக்குப் போக வழியில்லை என்பது வேறு விஷயம். வெளியே போனால்தானே வம்பு என்று ஒரு தடவை நாலு நாள் வீட்டுக்குள்ளேயே கிடந்தான். உடம்பு உதறியது, கிடந்தான். ஐந்தாம் நாள் காலையில் கைகழுவக் கொல்லைக் கதவைத் திறந்தான், முருங்கை மரம் இருக்க வேண்டிய இடத்தில் கம்பி வலை ஜன்னல் இருந்தது.

அவன் மனைவி சொர்ணக்கிளி சண்டை போடுகிறவள் இல்லை. ஆனி மாதம் ஒரு காலையில் மகள் தர்ஷிணியின் புத்தகப் பையையும் இரண்டு சீருடையையும் எடுத்துக்கொண்டு, கொல்லர் தெருவில் இருக்கும் தன் அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

"நான் ஒண்ணும் உங்களை வேண்டாம்னு போகலை," என்றாள். "குடிக்காம ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்க கால்ல நடந்து வாங்க. நான் கதவைத் திறந்து வைக்கேன். குடிச்சிட்டு வந்தா பிள்ளை முன்னால திறக்க மாட்டேன். அவ்வளவுதான்."

கொல்லர் தெரு நடந்தால் எட்டு நிமிஷம். தவசிக்கனி ஆனி போய், ஆடி போய், ஆவணி முடிகிறவரை நடந்தான். குடிக்காமல் கிளம்பினால் கடை வந்தது, குடித்துவிட்டுக் கிளம்பினால் ஆளில்லாத தன் வீடு வந்தது. கடை வாசலில் கவிழ்த்துப் போட்ட பால் கிரேட்டின் மேல் ஏறி நின்றால், நாலு கூரைகளுக்கு அப்பால் மச்சினன் வீட்டு மொட்டை மாடி தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே தர்ஷிணியின் நீலப் பாவாடை காயும். பாவாடையின் விளிம்பு ஒரு தடவை பிரித்து இறக்கித் தைக்கப்பட்டிருந்தது, பழைய மடிப்புக் கோடு வெளுப்பாகத் தெரிந்தது. பிள்ளை வளர்கிறாள் என்பதை அந்தக் கோட்டை வைத்துத்தான் அவன் தெரிந்துகொண்டான். ஏழு மணி நேரம் பார்த்தாலும் அலுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புரட்டாசி பிறந்த அன்று சுண்டல் மடித்துத் தந்த தாளில் அவனுக்கு ஒரு சேதி வந்தது. பாதி கிழிந்த நோட்டீஸ் அது. 'குடியை விட விருப்பம் உள்ளதா? எங்களுக்கும் இருந்தது. ஞாயிறுதோறும் மாலை நான்கு மணிக்குக் கூடுகிறோம். கட்டணம் கிடையாது' என்று போட்டு, ஒரு தொலைபேசி எண். எங்கே கூடுகிறார்கள் என்ற வரியில் எண்ணெய் ஊறி எழுத்து கரைந்திருந்தது. எங்களுக்கும் இருந்தது என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்ப வாசித்தான். அவனிடம் இதுவரை எல்லாரும் உனக்கு என்றுதான் பேசியிருந்தார்கள்.

போன் எடுத்தவர் தன் பெயர் ஆவுடையப்பன் என்றும், சைக்கிள் கடை வைத்திருப்பதாகவும், குடியை விட்டு ஒன்பது வருஷம் ஆகிறது என்றும் சொன்னார். "ரொம்பப் பக்கந்தான் தம்பி. கடைக்கு வந்திருங்க, அங்கயிருந்து தெக்க ரெண்டாவது தெரு, தேரடிக்குப் பின்னால நடுநிலைப் பள்ளிக்கூடம், ரெண்டாம் வகுப்பு."

அந்த ஊரில் எந்த இடத்துக்கு வழி கேட்டாலும் கடையிலிருந்துதான் சொல்வார்கள். ஆஸ்பத்திரி கடைக்கு எதிர்த் திசை, கோயில் கடை தாண்டி, தாலுகா ஆபீஸ் கடைக்கு வராமல் இடது பக்கம். குடியை விட்டவர்களும் அப்படியே சொல்லிப் பழகியிருந்தார்கள்.

"அண்ணாச்சி, கடைக்கு வந்திருவேன். அதுக்கு மேலதான் வர முடியலை."

"ஓ," என்றார் ஆவுடையப்பன். "சிலிண்டர்காரத் தம்பியா நீங்க? கேள்விப்பட்டிருக்கேன். நான் வந்து கூட்டிட்டுப் போகலாம். ஆனா கடை வாசலுக்கு நாங்க யாரும் வாறதில்லைன்னு ஒரு கட்டுப்பாடு வச்சிருக்கோம். ஒன்பது வருஷம் ஆனாலும் எங்க காலை நாங்க நம்ப முடியாது பாருங்க. கோவிச்சுக்காதிய. எப்படியாவது வந்திருங்க, உங்களுக்கு ஒரு பெஞ்சு போட்டு வைக்கோம்."

முதல் ஞாயிறு சவரம் பண்ணி, துவைத்த சட்டை போட்டு, காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் குடிக்காமல், மூன்றரை மணிக்குக் கிளம்பினான். நான்கு மணிக்குக் கடை வாசலில் நின்றான். நாலேகால் வரை நின்றான். அதற்கு மேல் அங்கே நிற்கிற மனுஷன் என்ன செய்வானோ அதைச் செய்தான். இரண்டாம் ஞாயிறு பின்பக்கமாக நடந்து பார்த்தான், சிறுபிள்ளைகள் கைதட்டிக்கொண்டே கூட வந்தார்கள், எல்லாருமாகக் கடைக்கு வந்தார்கள். மூன்றாம் ஞாயிறு ஆட்டோ பிடித்தான். டிரைவர், "நான் போறது பள்ளிக்கூடத்துக்கு, வண்டி போறது எங்கன்னு எனக்குத் தெரியாது" என்று முன்னாலேயே சொல்லிவிட்டுத்தான் ஏற்றினார். நான்காம் ஞாயிறு மச்சினனே வந்தான். தங்கையின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் வந்தவன் அவன். ஒரு துண்டால் தன் மணிக்கட்டையும் தவசிக்கனியின் மணிக்கட்டையும் சேர்த்துக் கட்டி, மாட்டை இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு போனான். கடை வாசலில் துண்டை அவிழ்த்தபோது மச்சினன் கண்ணில் தண்ணீர் நின்றது. "இழுத்துக் கொண்டு போகக்கூடிய இடமா இல்லையே மாப்ள அது," என்றான்.

திங்கட்கிழமைதோறும் ஆவுடையப்பனுக்குப் போன் போட்டான். "நேத்தும் வர முடியலை அண்ணாச்சி."

"பெஞ்சு கிடக்கு தம்பி," என்பார் அவர்.

அந்தப் பெஞ்சை அவன் நினைத்துக்கொள்ள ஆரம்பித்தான். சிலிண்டர் இறக்கும்போது நினைத்தான், குடிக்கும்போதும் நினைத்தான். தான் பார்த்திராத ஒரு வகுப்பறையில், தனக்காகத் துடைத்துப் போட்டு, யாரும் உட்காராமல் கிடக்கிற ஒரு மரப் பெஞ்சு. வாரத்துக்கு வாரம் அந்த ஆசை கூடிக்கொண்டே போய், நீலப் பாவாடையைப் பார்க்கும்போது வருகிற ஏக்கமும் பெஞ்சை நினைக்கும்போது வருகிற ஏக்கமும் ஒன்றாகவே ஆகிவிட்டன. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் கொல்லர் தெரு வரும் என்று அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

ஐந்தாம் ஞாயிறு அவன் எங்கேயும் கிளம்பவில்லை. வேறெங்கோ கிளம்பிக் கடைக்கு வருவதற்குப் பதில் நேராகவே கடைக்கு வந்துவிடலாமே என்று, குடிக்காத வாயோடு மூன்றரை மணிக்கு வந்து கிரேட்டின் மேல் உட்கார்ந்துகொண்டான். நாலு மணிவரை பொறுப்பது, அப்புறம் குடிப்பது, இனி ஆவுடையப்பனுக்குப் போன் பண்ணி அந்தப் பெஞ்சை எடுத்துவிடச் சொல்வது என்று முடிவு செய்திருந்தான்.

அப்போது வெளியூர் ஆள் ஒருவர் வாறுகாலைத் தாண்டி வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சிலுவை போட்ட கறுப்புக் கயிறு, கையில் ஒரு முழு நோட்டீஸ். நோட்டீஸ் காற்றில்லாமலே படபடவென்று அடித்துக்கொண்டது, கை அப்படி நடுங்கியது.

"அண்ணாச்சி, இந்த நடுநிலைப் பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போகணும்? பஸ்ஸை விட்டு இறங்கி மூணு பேர்கிட்ட கேட்டுட்டேன். மூணு தடவையும் இங்கதான் வந்து நிக்கேன்."

கீழப்பாறைக்குளத்துக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வழி கேட்டால் தெரியாது என்று சொல்லவே மாட்டார்கள். தெரிந்த இடமானால் சொல்வார்கள், தெரியாத இடமானால் அதைவிடத் தெளிவாகச் சொல்வார்கள், கேட்ட ஆள் பாவமாக இருந்தால் வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே நடப்பார்கள். ஆஸ்பத்திரி கேட்டு வந்தவரைக் கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் விட்டுச் சாப்பிட வைத்து அனுப்பிய சரித்திரம் எல்லாம் அந்த ஊருக்கு உண்டு. தவசிக்கனியும் அந்த ஊரில் பிறந்தவன்தானே. யோசிக்காமல் எழுந்தான்.

"வாங்க, நானும் அந்தப் பக்கந்தான் போறேன்."

பத்தடி நடந்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. இந்தப் பெரிய மனுஷரை நாலாவது தடவையும் கடைக்கே கூட்டிக்கொண்டு வரப்போகிறோம், அவர் தன்னைப் பைத்தியக்காரன் என்று நினைக்கப்போகிறார், நின்று உண்மையைச் சொல்லிவிடலாமா என்று அவன் வாயைத் திறப்பதற்குள் அவர் பேச ஆரம்பித்திருந்தார். பெயர் சூசைமாணிக்கமாம். கடற்கரை ஊரில் தையல்காரராம். மாதா கோயிலில் பிள்ளைகள் முதல் நன்மை வாங்கும்போது உடுத்துகிற கவுன் எல்லாம் அவர் தைத்ததுதானாம்.

"எனக்கு ஊசி கோக்க முடியாமப் போச்சு அண்ணாச்சி. காலைல கை நிக்காது. என் வீட்டுக்காரி என்ன செய்வா தெரியுமா, இருபது ஊசில நூலைக் கோத்து, காலண்டர் அட்டைல வரிசையாக் குத்தி வச்சிருவா. ஒண்ணு தீந்தா ஒண்ணை எடுத்துக்கிடுவேன். பன்னிரண்டு வருஷம் குத்தி வச்சா. போன மாசம் அட்டை வெறுமனே இருந்திச்சு. ஒண்ணும் சொல்லலை அவ. அட்டை மட்டும் வெறுமனே இருந்திச்சு."

"குனிஞ்சு வாங்க, இந்தக் கேபிள் வயர் தலையில தட்டும்," என்றான் தவசிக்கனி. "நீங்க கேக்கலையா, ஏம்மான்னு?"

"எந்த வாயால கேக்க?"

"அதுஞ் சரிதான். இங்க சாக்கடை மூடி இல்லை, என் கையைப் பிடிச்சுக்கிடுங்க."

சூசைமாணிக்கம் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையும் நடுங்கியதால் எது யாருடைய நடுக்கம் என்று தெரியவில்லை. தவசிக்கனி அந்த வெறும் காலண்டர் அட்டையையே நினைத்துக்கொண்டு நடந்தான், இருபது ஓட்டைகளை எண்ணுகிறவன்போல் நடந்தான், இந்த ஆள் இன்றைக்கு எப்படியாவது அந்தப் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்ற ஒரு நினைப்பைத் தவிர மற்ற எல்லாம் அவனுக்கு மறந்திருந்தது. கல் தடுக்கும் இடத்தில் சொன்னான், நாய் கிடக்கும் இடத்தில் சுற்றிக் கூட்டிப்போனான், தேர் நிற்கிற தகரக் கொட்டகையைக் கூடத் திரும்பிப் பார்க்காமல் தாண்டினான்.

"இதுதானே அண்ணாச்சி?" என்று சூசைமாணிக்கம் கேட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தான். நடுநிலைப் பள்ளி என்று எழுதிய வளைவு தலைக்கு மேல் இருந்தது. தவசிக்கனி இரும்புக் கேட்டைத் தொட்டான். வெயிலில் கிடந்த கேட் சுட்டது. கையை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

இரண்டாம் வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளைகளுக்குச் செய்த பெஞ்சு. முழங்கால் முகவாயை இடிக்க, எல்லாரும் தண்டனை வாங்கியவர்கள்போல் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் வெள்ளிக்கிழமைத் தேதி அழிக்காமல் இருந்தது. ஜன்னலோரத்தில் ஒரு பெஞ்சு மட்டும் காலியாகக் கிடந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு அதில் உட்கார்ந்தார்கள்.

ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். தவசிக்கனியின் முறை வந்தபோது எழுந்தான், பெஞ்சும் கூடவே எழுந்து சத்தம் போட்டது, யாரும் சிரிக்கவில்லை.

"என் பேரு தவசிக்கனி. நான் குடிநோயாளி." அதற்கு மேல் என்ன சொல்வது என்று தெரியாமல், "அஞ்சு ஞாயித்துக்கிழமையா வந்துக்கிட்டே இருக்கேன்," என்றான்.

"நான் ஏழு மாசம் வந்தேன்," என்றார் பின்பெஞ்சில் ஒருவர்.

"எனக்கு ரெண்டு வருஷம்," என்றாள் மஞ்சள் சேலை கட்டிய ஒரு பெண், அரிசி விலை சொல்வதுபோல.

எந்த வழியாக வந்தாய், எப்படி வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. தன் அதிசயம் அங்கே அதிசயமே இல்லை என்று கண்டுகொண்டான். இவ்வளவு நாளும் ஊர் அவனைப் பார்த்துச் சிரித்திருக்கிறது, பரிதாபப்பட்டிருக்கிறது, வேடிக்கை பார்த்திருக்கிறது. எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல ஒருவர் இருந்ததில்லை. உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். சூசைமாணிக்கம் கைக்குட்டையை நீட்டினார். ஓரம் அழகாக மடித்துத் தைத்த கைக்குட்டை.

கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஆவுடையப்பனிடம் கேட்டான்: "அடுத்த வாரம் எப்படி அண்ணாச்சி வருவேன்?"

"கடை வாசல்ல வழி தெரியாம நிக்கதுக்கு ஆளா பஞ்சம்?" என்றார் அவர், டம்ளரைக் கழுவிக்கொண்டே.

சூசைமாணிக்கத்துக்கு ஆறேகாலுக்கு பஸ். தனியாக விட்டால் அவர் எங்கே போய் நிற்பார் என்பது இருவருக்கும் தெரிந்ததால் ஒன்றும் பேசிக்கொள்ளாமல் சேர்ந்தே கிளம்பினார்கள். தவசிக்கனி பஸ்ஸைப் பற்றித்தான் நினைத்தான், ஜன்னலோர சீட் கிடைக்க வேண்டுமே என்று நினைத்தான், வீட்டுக்காரியிடம் இன்றைக்கு என்ன சொல்லப்போகிறீர்கள் என்று கேட்டுக்கொண்டே அவரை ஒரு தெருவுக்குள் திருப்பினான். பஸ் ஸ்டாண்டுக்குப் போகக் குறுக்குவழி கொல்லர் தெருதான்.

"அப்பா!"

நீலக் கதவு வைத்த மச்சினன் வீட்டு வாசலில் தர்ஷிணி நின்றிருந்தாள். அவள் சத்தம் கேட்டு, கையில் மாவோடு சொர்ணக்கிளி வெளியே வந்தாள். வந்தவள் படியிலேயே நின்றுவிட்டாள். நாலு மாதமாக நாலு கூரைக்கு அப்பாலிருந்து பாவாடையை மட்டும் பார்த்தவன், அந்தப் பாவாடையை உடுத்தி நின்ற மகளைப் பார்த்தான். உயர்ந்திருந்தாள், முன்பல் ஒன்று புதிதாக முளைத்திருந்தது. சொர்ணக்கிளி இறங்கி அவன் பக்கத்தில் வந்து, மாவுக் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மூச்சை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். டீ வாசம்தான் அடித்தது.

"உள்ள வாங்க," என்றாள். "ரெண்டு பேரும் வாங்க."

தவசிக்கனி ஒரு காலைப் படியில் வைத்தான், வைத்த காலை எடுத்தான்.

"இவரை பஸ் ஏத்தி விடணும் கிளி. இவருக்கும் என் சீக்குதான். வேற யாரு கூட்டிட்டுப் போனாலும் போய்ச் சேர மாட்டாரு."

"சரி, விட்டுட்டு வாங்க."

"எப்படி வருவேன்?" என்றான் அவன். "போறது இவருக்காகப் போறேன், போயிருவேன். திரும்பி எனக்காக வரணும்லா. தனியா வந்தா எங்க போய் நிப்பேன்னு உனக்குத் தெரியும்." கதவைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், இவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டு இனி இது கைவிட்டுப் போய்விடுமே என்று பயந்தான். சூசைமாணிக்கம், "நீங்க உள்ள போங்க அண்ணாச்சி, நான் எப்படியாவது போயிக்கிடுவேன்," என்றார். அவர் கை மறுபடியும் நடுங்க ஆரம்பித்திருந்தது. "அது முடியாது," என்றான் தவசிக்கனி.

சொர்ணக்கிளி தெருவைப் பார்த்தாள். அவள் போட்ட நிபந்தனை அந்த ஒரு நாள் மட்டும்தான், அது நிறைவேறிவிட்டது. இப்போது அவள் கொடுக்கவேண்டியது அதைவிடப் பெரிது என்பது அவளுக்குப் புரிந்தது. மாவுக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"ஏட்டி, செருப்பைப் போடு," என்றாள் மகளிடம். பிறகு அவனிடம், "இவளைக் கூட்டிட்டுப் போங்க. இருட்டறதுக்குள்ள பிள்ளையைக் கொண்டாந்து வீட்டுல சேக்கணும்லா? சேருங்க."

ஆறேகால் பஸ்ஸில் சூசைமாணிக்கத்துக்கு ஜன்னலோர சீட்டே கிடைத்தது. பஸ் திரும்பி மறையும்வரை மூவரும் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் உள்ளிருந்து, இருவர் வெளியிலிருந்து. பிறகு பஸ் ஸ்டாண்ட் வாசலில் அப்பாவும் மகளும் மட்டும் நின்றார்கள். அங்கிருந்து மூன்று தெருக்கள் பிரிந்தன. மூன்றும் எங்கே போகும் என்று தவசிக்கனிக்குத் தெரியும். அவன் நாக்கு வறண்டது, வலதுகால் அவனைக் கேட்காமலே லேசாகத் திரும்பியது.

தர்ஷிணி தினமும் பள்ளிக்கூடம் போய் வருவது அந்த வழியாகத்தான். எந்த வீட்டில் நாய் உண்டு, எந்த முக்கில் நெல்லிக்காய் விற்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அப்பாவின் முகத்தை அண்ணாந்து பார்த்தாள். பார்த்துவிட்டு, அவன் கையை எடுத்துத் தன் கைமேல் வைத்துக்கொண்டாள்.

"எனக்கு வழி தெரியாதுப்பா," என்றாள். "நீங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போகணும்."